பிரஷர் குளிசையும் பெரிய வெள்ளிப் பாட்டும்

தை மாதக் கிளினிக்கில் எனக்குப் பிரஷருக்கு எனலாப்ரில் என்ற குளிசை எழுதித் தந்தார்கள். மாசியில் வறட்டு இருமல் வந்தது. குளிசை தொடங்கிய நாளைக் குறித்து வைத்திருந்தேன். முதல் இருமலை யார் குறித்து வைப்பார்? பெரிய வெள்ளி ஆராதனையில் எங்கள் பாடகர் குழுவின் பேஸ் என்னும் கீழ்க்குரலுக்கு நானும் இன்னொருவரும் மட்டுந்தான். அந்த அமைதியில் இருமினால் தேவாலயமே திரும்பிப் பார்க்கும்.

கனடாவிலிருந்து தங்கை அழைத்தாள். "அண்ணை, உந்தக் குளிசைதான் இருமலுக்குக் காரணம். நான் லோசாட்டன் போடுறன், ஒரு கரைச்சலும் இல்லை."

மனைவி பிரஷருக்கு எடுப்பது அம்லோடிபின். அவளுக்கு இருமல் இல்லை. ஆனால் பின்னேரமானால் கணுக்கால் வீங்கிச் செருப்பு இறுகிவிடும். மூன்றையும் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். இதுதான் சிறந்தது என்று எதிலும் இல்லை. போதாக்குறைக்கு, குளிசையை ஒழுங்காகப் போட்டும் பங்குனியில் எனக்குப் பிரஷர் கூடியிருந்தது.

"வேறை மருந்து ஏதும் எடுக்கிறியளோ ஐயா?" கிளினிக்கில் இளம் பெண் டொக்டர் கேட்டார்.

"இல்லை."

பக்கத்தில் இருந்த மனைவி விடவில்லை. "இஞ்சாருங்கோ, நாள் முழுக்க வாய்க்குள்ளை கிடக்கிற அதிமதுரம் என்ன, டொபியோ?"

"அது தொண்டைக்கு. மருதனார்மடத்திலை வாங்கினது. மருந்தில்லை."

டொக்டர் பேனையை வைத்தார். "அதிமதுரம் பிரஷரைக் கூட்டும் ஐயா. இண்டையோடை விடுங்கோ."

குளிசையையும் லோசாட்டனாக மாற்றினார். இருமல் அடங்கச் சில கிழமை செல்லுமாம்.

"அப்ப எனலாப்ரில் வேலை செய்ததோ, இல்லையோ?"

"இனி எப்பிடிச் சொல்லுறது?" என்று சிரித்தார்.

பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை பிரஷர் இறங்கியிருந்தது. லோசாட்டனாலா, அதிமதுரத்தை விட்டதாலா? ஒரே நாளில் இரண்டையும் மாற்றியதால் பிரித்தறிய வழியில்லை. இருமல் மட்டும் முழுதாகப் போகவில்லை. ஒத்திகையில் பாடகர் குழுத் தலைவரிடம் சொன்னேன்.

"வாயை மட்டும் அசையுங்கோ. வரிசையிலை நிக்க ஆள் வேணும்."

ஆராதனையில் முதல் இரண்டு பாட்டுக்கும் அப்படியே செய்தேன். மூன்றாவதில் தொண்டை இளகியதா, எனக்குத் துணிவு வந்ததா தெரியவில்லை, பாடிவிட்டேன்.

வெளியே வந்ததும் மனைவியைக் கேட்டேன்.

"இருமல் கேட்டதோ?"

"இல்லை."

"என்ரை பாட்டு?"

"அதுவும் கேக்கேல்லை" என்றாள்.