காப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து

என் தங்கை எண்ணூறு மீட்டர் ஓடுவாள். கவரைப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய மண்ரோட்டில்தான் ஓடிப் பழகினாள். காலையில் நான் கம்பெனிக்குப் போக பிளாட்பாரத்தில் நிற்கும்போது எதிரே ஓடி வருவாள். என்னைப் பார்த்தாலும் நிற்க மாட்டாள்.

அப்பா இரும்பு உருக்கும் கம்பெனியில் உலையடியில் நின்று நெஞ்சு கெட்டுப் போய், அவள் ஏழாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா இன்னொரு கம்பெனியின் கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் இடத்தில் தரம் பார்க்கும் வேலைக்குப் போனேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு இருக்கும். அதில் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை எழுதி என் கையெழுத்தைப் போட வேண்டும். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் படித்துச் சொல்கிறவள் நான்தான்.

தங்கைக்குப் பதினேழு வயதாகியும் அவள் பெரியவளாகவில்லை. அம்மாவுக்கு அந்தக் கவலை இருந்தது. பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டிக்கொண்டு, கட்டியும் விட்டாள். ஓடுகிற பிள்ளைகளுக்குத் தள்ளிப் போகும் என்று பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் சொன்னதை நாங்கள் நம்பினோம். நம்புவது எங்களுக்கும் வசதியாக இருந்தது.

அந்த வருடம் தேசிய அளவிலான பயிற்சி முகாமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். முகாம் வேறு மாநிலத்தில் நடந்தது. போன முதல் வாரம் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள் என்று போனில் சொன்னாள். மூன்றாவது வாரம் கோச் எனக்கு போன் செய்தார். அவரும் நம் பக்கத்து ஆள்தான். வீட்டிலிருந்து பெரியவர்கள் யாராவது உடனே வர வேண்டும் என்றார். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போனேன்.

ஆபீஸ் அறையில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். முதல் பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். 'கன்சென்ட்' என்ற சொல் தெரிந்தது. மற்றதெல்லாம் நீளநீளமான சொற்கள். என்ன டெஸ்ட் என்று கேட்டேன். ஹார்மோன் சம்பந்தமானது, சந்தேகம் வந்தால் யாருக்கும் எடுப்பதுதான் என்றார் கோச். என்ன சந்தேகம் என்று கேட்டேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"சைன் போடலன்னா இன்னிக்கே ஊட்டுக்குக் கூட்டிக்கினு போய்டும்மா. அப்புறம் அவ ஓடவே முடியாது," என்றார்.

தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "இன்னாக்கா எழுதிக்கீது?" என்றாள்.

"ரத்தம் எடுப்பாங்களாம். அவ்ளோதான்," என்றேன்.

எனக்குப் புரியவில்லை என்று அந்த அறையில் சொல்ல வெட்கமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் காப்பாளர் என்று போட்டிருந்த கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன். பெட்டிச் சீட்டில் போடும் அதே வேகத்தில் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை. ஒன்றரை மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மூன்று டாக்டர்கள் உள்ளே போனார்கள், அதில் ஒருவர் ஆண். அவள் வெளியே வந்தபோது பேன்ட்டின் நாடா கட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் கட்டிவிட்டேன். ஊருக்குப் போகலாம் என்றாள். மறுநாள் ரயில் கூடூரைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அளந்தாங்கக்கா," என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து கோச் போனில் முடிவைச் சொன்னார். பெண்களுக்கு என்று வைத்திருக்கும் ஹார்மோன் அளவை அவள் உடம்பு தாண்டுகிறது, பெண்கள் பிரிவில் ஓட முடியாது. மருந்து சாப்பிட்டோ ஆபரேஷன் செய்தோ குறைத்தால் பிறகு பார்க்கலாம். காலில் அடி என்று சொல்லிக்கொள்ளுங்கள், வெளியே யாருக்கும் தெரியாது என்றார்.

பத்து நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாவட்டத்து ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டார்கள். அவள் போட்டோவுக்குக் கீழே ஒரு கேள்விக்குறி. அடுத்த வாரம் எங்கள் தெருவுக்கு இரண்டு பேர் பைக்கில் வந்து, அந்தப் பொண்ணு சின்ன வயசில் எப்படி இருப்பாள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள். அம்மா அவர்கள் முன்னால் போய் நின்று, "பத்து மாசம் சொமந்த எனக்குத் தெரியாதா அவ இன்னான்னு?" என்று கேட்டுவிட்டு, உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

தங்கை சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு பேச்சையும் குறைத்தாள். ஒரு நாள் அவளுடைய மெடல்கள், ஷூ, சர்டிபிகேட் எல்லாம் ஒரு பையில் கட்டி வாசலில் இருந்தன. குப்பை வண்டிக்கு என்றாள். அன்றிலிருந்து அவளைத் தனியாக விட எனக்குப் பயம். காலையில் என்னோடு ரயிலில் கூட்டிப் போய், கம்பெனி வாசலில் இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போவேன். எட்டு மணி நேரம் அங்கேயே இருப்பாள். டீக்கடை அக்கா ஒன்றும் கேட்கவில்லை, மதியம் ஒரு தட்டில் எதையாவது வைத்துக் கொடுப்பாள். நான் மூடிகளைப் பார்த்துக்கொண்டே நிமிஷத்தை எண்ணுவேன். இடைவேளையில் ஓடி வந்து, அவள் இருக்கிறாளா என்று பார்ப்பேன். இரண்டு மாதம் இப்படிப் போனது.

பி.டி. டீச்சர்தான் வக்கீலம்மாவின் நம்பரைத் தந்தார். பொன்னேரி கோர்ட்டில் வழக்கு நடத்துபவர். முதல் நாளே அவர் தங்கையிடம், "நீங்க எந்தத் தப்பும் செய்யல. உங்க உடம்பைப் பத்தின விஷயம் உங்களுக்குச் சொந்தம்," என்றார். அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் அப்படிப் பார்த்தாள்.

சம்மதம் என்றால் என்ன என்று அவர் விளக்கினார். எதற்காகப் பார்க்கிறார்கள், என்னென்ன செய்வார்கள், வேண்டாம் என்று சொல்லலாமா, இதெல்லாம் தெரிந்த மொழியில் சொல்லியிருக்க வேண்டும். ஓட முடியாது என்று பயமுறுத்தி வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது. உடம்பு ரகசியத்தை வெளியே விட்டது இன்னொரு குற்றம். மனித உரிமைப் புகார்களைக் கேட்கும் ஆணையத்தில் பெயரை மறைத்து மனுப் போடலாம் என்றார். தங்கை ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

விசாரணை அன்று விளையாட்டுச் சங்கத்தின் வக்கீல் அந்த நான்கு பக்கத்தை எடுத்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். இது உங்கள் கையெழுத்தா? ஆமாம். எங்கே வேலை செய்கிறீர்கள்? சொன்னேன். வேலையில் ஆங்கிலத்தில் எழுதுவீர்களா? எழுதுவேன். அதன் கீழே கையெழுத்துப் போடுவீர்களா? போடுவேன். படித்துப் பார்க்காமல் போடுவீர்களா?

நான் இல்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? ஆமாம் என்றால் கம்பெனி வேலை போகும். இல்லை என்றால் தங்கையின் வழக்கு போகும். யோசிக்க நேரமில்லை, வேலைதான் முந்திக்கொண்டு வாயில் வந்தது. வக்கீலம்மா குறுக்கிட்டு ஏதோ வாதாடினார். எனக்குக் காது கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து உத்தரவு வந்தது. வக்கீலம்மா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். இனிமேல் இப்படிப்பட்ட படிவங்களை அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த மொழியில் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று பரிந்துரை. விஷயத்தை வெளியே விட்டது யார் என்பதற்குச் சாட்சியம் இல்லை. யார் ஓடலாம் என்பது உலக அளவில் போட்ட விதி, அதில் ஆணையம் தலையிட முடியாது.

தங்கை கேட்டுவிட்டு, "இனிமே வர்ற பொண்ணுங்களுக்கு நல்லதுதான் மேடம். எனக்கு இன்னா?" என்றாள்.

ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வக்கீலம்மா. தங்கை கை கூப்பினாள். திரும்பவும் ஒரு அறையில் ஆண்கள் உட்கார்ந்து தன் உடம்பைப் பற்றிப் பேசுவதைக் கேட்க முடியாது என்றாள். வக்கீலம்மா வற்புறுத்தவில்லை.

பஸ்ஸில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ இன்னா செய்வ, விடுக்கா," என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கள் கம்பெனியிலேயே அவளைச் சேர்த்துவிட்டேன். நான்காம் நாள், பெண்கள் உடை மாற்றும் அறையில் அவள் இருக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, சூப்பர்வைசர் டாக்டர் சர்டிபிகேட் கேட்டார். அவள் கம்பெனியில் கொடுத்த கோட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது ஆந்திர எல்லையில் தடா பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அங்கேயே ஹாஸ்டல். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. தெலுங்கு பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள். முடியை நீளமாக வளர்த்திருக்கிறாள் என்று போட்டோவில் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். பார்க்க வரட்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

"நீ வந்தா யாரு, எந்த ஊருன்னு கேப்பாங்க. நானே வர்றேங்க்கா," என்கிறாள்.

போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் வரவில்லை.