தவிட்டு மூட்டை நடை

அந்த இரண்டு லாங் சைஸ் நோட்டுகள் கடைக்கு வந்த நாளிலிருந்தே பிருந்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் அவள் டைப் அடிக்கிறாள். வீட்டில் முதல் பட்டதாரி. பி.ஏ. முடித்து இரண்டு வருஷமாகிறது. குரூப் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் அந்த ரிசல்ட் பக்கம் எப்போதும் திறந்தே இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதைத் தட்டிப் பார்க்காவிட்டால் கை சும்மா இருக்காது.

"மாகறல் குமரேசன் அவரு கதய அவரே எழுதிகீறாரு. காமெடி நடிகரு, தெரியும்ல?" என்றாள் கடைக்காரி பாக்கியமேரி. "வெள்ளிக்கிழம அவரு பையன் வந்து புரூஃப் வாங்கிக்கினு போவாரு. முடிச்சிடு."

தெரியாமல் என்ன? முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு படத்தில் குமரேசன் நொண்டிக் கூலியாக வருவார். தவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து நடந்து, கல்யாணப் பந்தலுக்குள் தடுமாறி விழுவார். தவிடு முழுக்க மாப்பிள்ளை தலையில் கொட்டும்.

பிருந்தாவின் அப்பா பஞ்சாட்சரம் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். சின்ன வயதில் பனைமரத்திலிருந்து விழுந்து, அவருக்கும் இடது கால்தான் வளைந்துபோனது. டிவியில் அந்தப் படம் போடும்போதெல்லாம் மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பேர் 'தவுட்டு மூட்ட பொண்ணு'. காஞ்சிபுரத்தில் கல்லூரிக்குப் போனதும், அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம் ரைஸ் பிசினஸ் என்று சொல்லிவிட்டாள். பட்டமளிப்பு விழாவுக்கு ஒருவருக்குத்தான் பாஸ் என்று பொய் சொல்லி அம்மாவை மட்டும் கூட்டிப்போனாள்.

அதனால் நோட்டை வேண்டாவெறுப்பாகத்தான் பிரித்தாள். ஆனால் அடிக்க அடிக்க, அந்த மனிதரை வெறுப்பது கஷ்டமாகிக்கொண்டே வந்தது. விழுவதைப் பற்றி மட்டும் ஒரு அத்தியாயம் எழுதியிருந்தார். தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கையை ஊன்றக் கூடாது. எழுந்ததும் முதலில் துண்டைத் தேட வேண்டும், வலிக்கிற இடத்தைத் தடவினால் ஒருத்தனும் சிரிக்க மாட்டான். கன்னத்தில் விழும் ஓர் அறைக்குப் பதினோரு டேக் வாங்கினார்கள். மறுநாள் கன்னம் வீங்கி முகம் மாறிவிட்டதென்று அவரையே திட்டினார்கள். நூறு படங்களுக்கு மேல் நடித்தும், முக்கால்வாசியில் அவர் பாத்திரத்துக்குப் பெயர் கிடையாது. வசனமும் தர மாட்டார்கள், "ஏதாவது பண்ணுய்யா" என்பார்கள். அந்த 'ஏதாவது'வைத் தேடி டவுன் பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, ஆட்களையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

"இன்னாமா, தனியா சிரிச்சிக்கினு கீற?" என்றாள் பாக்கியமேரி.

"ஒண்ணுமில்லக்கா." சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வியாழக்கிழமை மதியம், நோட்டில் அந்தப் படத்தைப் பற்றிய அத்தியாயம் வந்தது. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டாள். யார் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள்? நாலு வரி அடித்தாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். ரிசல்ட் பக்கத்தைத் தட்டினாள். பிறகு தாளைப் பின்னால் திருப்பினாள்.

'உத்திரமேரூரில் ரைஸ் மில்லுக்கு எதிர் டீக்கடையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். இடது காலை இழுத்து நடக்கும் ஓர் இளைஞர் லாரியிலிருந்து நெல் இறக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ மூட்டை. மூன்று நாளில் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. படத்தில் விழ வேண்டும் என்றார்கள். விழுந்தேன். தியேட்டரே சிரித்தது. அவருடைய நடையை எடுத்துக்கொண்டு, மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை.'

அந்த இளைஞர் அப்பாதான். அப்பா படத்தைப் போல நடக்கிறார் என்று ஊரே சிரித்தது, அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். படம்தான் அப்பாவைப் போல நடந்திருக்கிறது. கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இந்த மனிதர் நடையை மட்டும்தான் எடுத்தார், அதையும் எழுதி ஒப்புக்கொண்டுவிட்டார். ஆளையே மறைத்துவைத்த அவள் எந்த நோட்டில் எழுதுவாள்?

அந்தப் பக்கத்தை அடித்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு மில்லுக்கு நடந்தாள்.

"இன்னாமா இந்த நேரத்துல? ரிசல்ட்டு வந்துச்சா?" அப்பா துண்டை உதறினார்.

"வர்ல நைனா. இத்தக் கொஞ்சம் கேளு."

வாசித்தாள். கூட வேலை செய்யும் சடையப்பன் குறுக்கே வந்தார். "யோவ் தவுட்டு மூட்ட, புக்குலயே ஏறிட்டியா? இனிமே எங்ககூட டீ குடிப்பியா?"

அப்பா அவரைக் கண்டுகொள்ளவில்லை. "அம்பது கிலோன்னா போட்டுகீறான்?"

"ஆமா."

"அப்ப ஏது அம்பது? எழுவத்தஞ்சி. சணல் சாக்கு. அம்பதுன்னா நீ கூட தூக்குவ."

"உனுக்குக் கோவம் வர்லியா?"

"வராம? இருவத்தஞ்சி கிலோ கொறச்சிட்டான்ல."

சடையப்பன் சிரித்தார். பிருந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "உன் பேரச் சொல்லட்டுமா? புக்குல போடுவாங்க."

அப்பா சாக்குக் கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார். "எனுக்கு இன்னா? உன்கூடப் படிச்ச பொண்ணுங்க பார்ப்பாங்களே. ரைஸ் பிசினஸ்னு சொல்லி வெச்சிகீற."

அவள் பிரிண்ட்டை மடித்தாள். "யாரு சொன்னாங்க?"

"உங்கம்மாதான். பட்டம் குடுத்த எடத்துக்கு வந்த பொண்ணுங்க அதுங்கிட்டயே கேட்டுதுங்களாம், எத்தினி மில்லு கீதுன்னு." அதோடு நிறுத்திக்கொண்டு குனிந்தார். கொக்கியைக் குத்தி அடுத்த மூட்டையை முதுகுக்கு ஏற்றினார். இடது கால் இழுத்தது. மூட்டை அசையவில்லை. அவர் போய்த் திரும்பும்வரை நின்று பார்த்தாள். அந்த நடையை அவள் இதுவரை நேராகப் பார்த்ததே இல்லை.

கடைக்குத் திரும்பி, முதலில் தாண்டிப்போன பக்கத்தையும் சேர்த்து புரூஃப் எடுத்தாள். சிவப்புப் பேனாவால் 'ஐம்பது' என்பதை அடித்து 'எழுபத்தைந்து' என்று எழுதினாள். ஓரத்தில், 'பெயர் பஞ்சாட்சரம். இன்னும் அதே மில்லில்தான் இருக்கிறார். இப்படிக்கு, அவர் மகள்' என்று சேர்த்தாள்.

பாக்கியமேரி எட்டிப் பார்த்தாள். "எழுதுனவரக் கேக்காம நாம கை வெக்கலாமா?"

"தப்பு இருந்தா குறிச்சிக் குடுன்னு நீங்கதானக்கா சொல்லுவீங்க."

வெள்ளிக்கிழமை காலை குமரேசனின் மகன் வந்தார். வண்டியை ஆஃப் செய்யாமலே கவரை வாங்கினார். திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று பிருந்தாவின் கை ஒருமுறை கடைப் பலகைக்கு மேல் எழுந்தது. அதற்குள் வண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது. நேற்று மதியத்துக்கு மேல் ரிசல்ட்டைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.