பதினோரு பேரைச் சேர்த்த பாடு

கால்பந்து கோச் என்றால் விசில் ஊதுகிறவர் என்று நினைப்பவர்கள், ஷார்ஜாவில் ஒரு கல்லூரிப் பெண்கள் அணியை ஒரே ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். பந்து பகுதிநேரம், ஆள் சேர்ப்பதுதான் முழுநேரம். நான் எம்.பி.ஏ. மாணவி, வயது இருபத்து மூன்று, அதே கல்லூரியின் பெண்கள் அணிக்கு கோச். முதல் போட்டியில் பதினோரு பேர் இறங்காவிட்டால் அணியைக் கலைத்துவிடுவோம் என்றது நிர்வாகம். ஆண்கள் அணிக்கும் இந்த நிபந்தனை உண்டா என்று கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். என்னைப் போல மல்லுக்கட்டும் சக கோச்சுகளே, உங்களுக்காவது இது புரியும்.

மைதானத்துச் சாவி

முதல் நாள் பயிற்சி. காவலர் திருநெல்வேலிக்காரர். சாவியை கோச் கையில்தான் கொடுப்பாராம். நான்தான் கோச் என்றேன். கழுத்தில் தொங்கிய விசிலைக் காட்டினேன், அடையாள அட்டையைக் காட்டினேன். கோச்சுக்கு மீசை வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது என்று பத்து நிமிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சாவியை நீட்டினார்.

“சரி தாயி, தொறந்துக்கோ. கோச் வந்ததும் ஒரு கையெழுத்து போடச் சொல்லு.”

தேரா ஜவுளிக்கடை

கோல்கீப்பர் அஃப்ரினின் அப்பா கீழக்கரைக்காரர். துபாய் தேராவில் ஜவுளிக்கடை. அனுமதி கேட்க நேரில் போனேன். எப்படியும் மறுப்பார் என்று நானே முடிவுகட்டி, மெட்ரோவிலேயே வாதங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

முழுக்கை சட்டை, தலையில் துணி, பெண்களின் உரிமை என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் வரவழைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நான் நிறுத்தியதும் அவர் வாய் திறந்தார்.

“நான் எப்பம்மா வேணாண்டு சொன்னேன்? கோல்கீப்பருண்டா நிண்ட எடத்துலயே நிக்கணுமாமே, எம்புள்ளையக் கொஞ்சம் ஓட விடுங்க!”

வெள்ளிக்கிழமை

போட்டிக்கு நாள் குறிக்கும் உரிமையை நிர்வாகத்திடம் சண்டை போட்டு வாங்கியிருந்தேன். வெள்ளி காலை பத்து மணி என்று குறித்தேன். ஷார்ஜாவிலேயே வளர்ந்தவள் நான்; எங்களுக்கு வெள்ளி முழு விடுமுறை.

அன்று எட்டரைக்கு மைதானத்தில் ஏழு பேர்தான். மீதி நான்கு பேரும் துபாய்வாசிகள், அப்பாக்களின் காரில் வருகிறவர்கள். துபாயிலோ வெள்ளி மதியம் வரை டியூட்டி! அவர்களில் ஒருத்தியான நிவேதிதாவுக்கு போன் போட்டேன். அப்பா கேட்ட லீவு கடைசி நேரத்தில் கிடைக்கவில்லையாம். இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று கத்தினேன்.

“சொன்னா ஒரு மணி நேரம் வாதாடுவீங்களேக்கா, அதான் சொல்லல.”

வேன்

கடைசி நம்பிக்கை அஃப்ரினின் அப்பா. “அங்கிள், பெண்களுக்கு ஒரு வாய்ப்பு...” என்று தொடங்கினேன். “கலாஸ்மா, பேச்சு முடிஞ்சுது, வண்டிய எடுத்தாச்சு, கடைய ஜும்மாவுக்கு அப்பறம் தொறந்துக்கலாம்” என்று போனை வைத்துவிட்டார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடை வேன் வந்து நின்றது. மகளோடு மற்ற மூன்று பேரையும் வீடு வீடாகப் போய் ஏற்றி வந்திருந்தார். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு துணிக்கட்டு. நிர்வாக அதிகாரி இரண்டு முறை எண்ணினார். பதினொன்று.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் கேட்காதீர்கள். இரண்டாம் பாதியில் அஃப்ரின் கோலைக் காலியாக விட்டுவிட்டு, பந்தைத் துரத்திக்கொண்டு மைதானத்தின் நடுக்கோடு வரைக்கும் ஓடினாள். எதிரணி நிதானமாகக் கோல் போட்டது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். கோட்டுக்கு வெளியே அவள் அப்பா மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்.

“பாத்தீங்களாம்மா, இப்பத்தான் புள்ள ஓடுது!”

ஏழு கோல் வாங்கினோம், அணி பிழைத்தது. மறுப்பவர்களிடம் பேச எனக்கு ஆயிரம் வாதம் உண்டு, ஆனால் கேட்பதற்கு முன்பே வண்டியை எடுத்துவிட்ட மனிதரிடம் என்ன பேசுவது என்பதில்தான் இன்னும் பயிற்சி போதவில்லை.