கோடு போடாத கையெழுத்து

நான் சுலபத்தில் யாரையும் நம்புகிறவன் இல்லை. தண்ணீர் கேன் வாங்கினால்கூட மூடியைத் திருகிப் பார்த்துத்தான் காசு கொடுப்பேன். கவரைப்பேட்டையில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். வேப்பம்பட்டில் எழும்பும் புது வீடுகளுக்கு ஜன்னல் கம்பி அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு.

ஒரு பெரிய வேலை வந்தபோது, கும்மிடிப்பூண்டியில் வழக்கமாக இரும்பு வாங்கும் கடைக்காரரிடம் சரக்கைக் கடனாகக் கேட்டேன். தேதியும் தொகையும் எழுதாத செக் ஒன்றில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். என் கையெழுத்துக்குக் கீழே எப்போதும் ஒரு கோடு இழுப்பேன். பேங்கிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் கோட்டை மட்டும் போடாமல் கொடுத்துவிட்டேன். மனுஷன் ஏமாற்றப் பார்த்தாலும் பேங்க் செக்கைத் திருப்பிவிடும் என்று நினைப்பு. வீடு வரைக்கும் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

மூன்று மாதத்தில் கடனைக் கையில் பணமாகவே அடைத்தேன். கோடு போடாத தெம்பில் ரசீதுகூடக் கேட்கவில்லை. செக்கைக் கேட்டதற்கு, பீரோவில் எங்கோ இருக்கிறது, தேடி வைக்கிறேன் என்றார். அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரம் கடை பூட்டிக் கிடந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா, பக்கத்து டீக்கடையில் கறுப்பு அங்கி மாட்டிய வக்கீல் ஒருவரைப் பார்த்ததும் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பொன்னேரியில் தெரிந்த வக்கீலம்மாவிடம் ஓடினேன். என் கோட்டுத் தந்திரத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டால், மீதியை நிரப்பிக்கொள்ள நானே உரிமை கொடுத்த மாதிரியாம். கடன் இருக்கிறது என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். அடைத்ததை நான்தான் காட்ட வேண்டுமாம்.

"கையெழுத்து ஒத்துப்போகலைன்னு செக் திரும்பினாலும் கேஸ் வரும். நீங்களே வேணும்னு மாத்திப் போட்டதுன்னு தெரிஞ்சா, உங்களைத்தான் ஏமாத்துக்காரர்னு சொல்லுவாங்க" என்றார்.

அதன்பிறகு தபால்காரரைக் கண்டாலே பட்டறைக்குள் போய் நின்றுகொள்வேன். செக் திரும்பியது என்று வக்கீல் நோட்டீஸ் வந்தால், கைக்கு வந்த பதினைந்து நாளில் பணம் கட்டியாக வேண்டும். எவ்வளவு என்பதையும் கடைக்காரரே எழுதிக்கொள்ளலாம். பட்டறையே போய்விடும் என்று பயந்தேன்.

பத்து நாள் கழித்து அவரே பட்டறைக்கு வந்தார். மகள் பிரசவத்துக்காக நெல்லூர் போயிருந்தாராம். சட்டைப்பையிலிருந்து செக்கை எடுத்து நீட்டினார். தேதியும் தொகையும் வெற்றாகவே இருந்தன. அப்போதும் நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கலர் ஜெராக்ஸா என்று பார்த்தேன்.

"நல்லா பாத்துக்கோ நைனா. கோடு இல்லாத அதே செக்குதான். நீ குடுத்த அன்னிக்கே பாத்துட்டேன்" என்றார்.

என் செக்குகள் அவர் கணக்கில் எத்தனையோ முறை பாஸாகியிருக்கின்றன. என் கோடு அவருக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் ஏன் சரக்கு ஏற்றினீர்கள் அண்ணே என்று கேட்டேன்.

"வேல நின்னுக்கினு கீதுன்னு வந்து நின்ன. இன்னா பண்ணச் சொல்ற?"

வெட்கத்தோடு செக்கை மடித்துப் பையில் வைத்தேன். டீ சொல்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்று வண்டியை எடுத்தார்.

இப்போதும் அவரிடம்தான் இரும்பு வாங்குகிறேன். எடை சரியாக இருக்கும், விலையும் நியாயம். ஆனால் எனக்கு அவர் கடன் தருவதில்லை, செக்கும் வாங்குவதில்லை. பணத்தை எண்ணி வைத்ததும், நான் கேட்காமலே ரசீது எழுதி நீட்டுகிறார்.