மேலிமைக்குக் கீழே

சிவகாசியில் எங்கள் வீட்டை ஒட்டியே ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறோம். பெரும்பாலும் பட்டாசுப் பெட்டி லேபிள்கள்தான். சீசன் நெருங்கிய ஒரு மதியம், அச்சு பிளேட் கழுவும் காரக் கரைசலைக் கேனிலிருந்து ஊற்றும்போது என் வலது கண்ணில் தெறித்துவிட்டது. என் கணவர் ஓடிவந்து குழாயடியில் முகத்தைப் பிடித்து நெடுநேரம் தண்ணீர் விட்டார்.

எரிச்சல் அடங்கியது. ஆனால் மாதங்கள் போகப் போகக் கருவிழிமேல் வெளுப்பு ஏறியது. வெளிச்சம் பட்டால் கூசி, நீர் வடியும். அந்தக் கண்ணுக்கு ஆட்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கருவிழியின் விளிம்பில் இருக்கும் மூலச் செல்கள்தான் அதன் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்குமாம். அவை செத்துப்போனால் வெள்ளைவிழியின் தோல் ரத்தநாளங்களோடு உள்ளே படர்ந்துவிடுமாம். "எல்லாமே போயிருந்தா, நல்ல கண்ணோட ஓரத்துல இருந்து கொஞ்சம் எடுத்து இதுல வைக்கணும்மா."

"இருக்கிற ஒண்ணையும் தொட விடமாட்டேன்" என்று எழுந்துவிட்டேன்.

என் கணவர் எழவில்லை. "என் கண்ணுல இருந்து எடுத்துக்கிடுங்களேன்" என்றார். அவர் அப்படிக் கேட்பாரென்று நான் நினைத்ததே இல்லை.

"எடுக்கலாம். ஆனா உடம்பு அதை ஒதுக்கிடாம இருக்க இவங்க ரொம்ப காலம் மருந்து சாப்பிடணும். முதல்ல, எல்லாமே போயிருச்சான்னு பார்ப்போம்" என்றார் டாக்டர்.

வெட்டாமல், கீறாமல் கண்ணின் செல்களைப் படம் பிடிக்கும் கருவி ஒன்று அங்கே இருந்தது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, குழகுழவென்று ஒரு பசையைத் தடவி, கருவியின் முனையைக் கண்ணில் தொடவைத்தார்கள். வலிக்கவில்லை. ஆனால் பயத்தில் என் கணவரின் கையை நசுக்கிவிட்டேன். நடுவிலும் கீழ் விளிம்பிலும் பார்த்துவிட்டு, "இங்க இல்ல" என்றார் டாக்டர்.

"இப்ப கீழ பாருங்கம்மா" என்று மேலிமையைத் தூக்கிப் பிடித்தார். முனையை மேல் விளிம்போரமாக மெல்ல நகர்த்தினார். பிறகு, "இருக்கு!" என்றார்.

திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் விரல் விரலாகச் சில வரிகள். அவற்றினிடையே நெருக்கியடித்துக்கொண்டு சிறுசிறு செல்கள். மேலிமை மூடியிருந்த இடத்தில் அவை பிழைத்துக் கிடந்தன.

"நல்ல கண்ணைத் தொட வேண்டாம். படர்ந்ததை எடுத்துட்டா, இதுகளே பரவுமான்னு பார்க்கலாம்."

"எம்புட்டு நாளாகும்?" என்றார் என் கணவர்.

"அவசரப்படுத்த முடியாது சார்."

படர்ந்த தோலை நீக்கி, மேலே மெல்லிய சவ்வு ஒன்றை வைத்துக் காக்கவைத்தார்கள். செல்கள் மெதுவாகத்தான் பரவின. இன்றும் அந்தக் கண்ணால் பொடி எழுத்து வாசிக்க முடியாது. ஆனால் நடுவில் தெளிந்துவிட்டது, கூச்சமும் இல்லை.

போனமுறை படமெடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கரிசல்காட்டில் பனைமரங்கள் தனித்தனியாக நின்றன.

"என்ன தெரியுது?" என்றார் என் கணவர்.

சொல்லிக்கொண்டே வந்தேன், ஊர் வரும்வரை.