ஒரே பந்தும் என் ஃப்ரீ கிக்கும்

கால்பந்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் ஃபோனில் பார்த்ததுதான். ஆனாலும் புத்திமதி சொல்ல வந்துவிட்டேன். ஹாலிஎலவுக்கு மேலே, சரிவான மைதானத்தில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பயிற்சி செய்கிறார்கள். நாளை பதுளையில் இறுதிப் போட்டி. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் கேப்டன் செல்விக்கு, சின்னக் கரீபியன் தீவிலிருந்து உலகக் கோப்பை வரை போன ஒரு கேப்டனின் கதையை விளக்குகிறேன்.

"தோத்தாலும் பொறுப்பை அவங்களே ஏத்துக்குவாங்க. அதாம்மா கேப்டன்."

"அப்படிங்களா," என்கிறாள், பந்தை விடாமல்.

அந்தத் தீவுக்காரியின் ஃப்ரீ கிக்கைக் காட்டுவதற்காகப் பந்தை வாங்கி, தோல் செருப்போடு உதைக்கிறேன். செருப்பு கோலுக்குள் விழுகிறது. அணியின் ஒரே பந்து தேயிலைக்குள் புகுந்து பள்ளத்துக்கு உருளுகிறது. வெளிச்சமும் மங்குகிறது. "யாராவது போய்..." என்று கேப்டனைப் பார்க்கிறேன்.

"அடிச்சவங்கதாங்க எறங்கணும்."