ஹைகோர்ட் தடை போட்ட ஊசி

என் பேத்திக்கு இன்னும் கழுத்தே நிற்கவில்லை. அதற்குள் அவள் பிறந்த பெருமை யாருக்கு என்று வீட்டில் போட்டி. அதனால் பெற்றவளைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் பேக்கரியில் மாவு பிசைகிறவள். தெருவில் பன்னு அக்கா என்றால்தான் தெரியும். கல்யாணமான புதிதில் மார்பில் ஒரு கட்டி. கேன்சர் என்றார்கள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "எனக்குக் குழந்தை பிறக்குமா டாக்டர்?"

கீமோ மருந்து சூலகத்தையும் சேர்த்து அடிக்குமாம். கருமுட்டையை எடுத்து உறைய வைக்கும் வசதி அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. வேறு ஊருக்கு அலைய கட்டி அவகாசம் தரவில்லை. மிச்சமிருந்தது ஒரு ஹார்மோன் ஊசி. கீமோ தொடங்கும் முன்பே போட்டு, பிறகு மாதாமாதம் தொடர வேண்டும். சூலகம் அதுவரை தூங்கும்.

"உறுதி தர முடியாதும்மா. ஆனா வாய்ப்பு கூடும். ஊசி போட்டுட்டு இருக்கிற வரைக்கும் மாதவிலக்கு வராது, பயப்படாதே" என்றார் டாக்டரம்மா.

மகள் பயப்படவில்லை. சம்பந்தியம்மா பயந்துவிட்டார். சாப்பாட்டு உப்பிலிருந்து அடுத்த வீட்டுக்காரி நடத்தைவரை அவர் சொல்வதே தீர்ப்பு. நான் வைத்த பெயர் ஹைகோர்ட்.

"மாசாமாசம் வர்றது நின்னா பிள்ளை எங்கேர்ந்துடா வரும்? அது கருத்தடை ஊசிடா, மண்டு! உன் வம்சத்துக்கே பூட்டுப் போடுறாங்க!"

மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். குணமும் லிஃப்ட்தான், யார் பட்டனை அழுத்தினாலும் அந்த மாடிக்குப் போய்விடுவார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "அந்த ஊசி வேணாம், கீமோ மட்டும் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். நல்லவேளை, நர்ஸ் பேக்கரிக்குப் போன் செய்து மகளிடமே கேட்டாள். மாவுக் கையோடு வீட்டுக்குள் நுழைந்தாள் மகள். என் சலூனைத் தாண்டி அவள் போன வேகத்தைப் பார்த்து நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏங்க, எங்க கடையில கரப்பானுக்கு மருந்தடிச்சா என்ன செய்வோம்?"

"மாவையெல்லாம் மூடி வெச்சிட்டு ஷட்டரை இறக்குவீங்க."

"இறக்கினா கடையை வித்துட்டோம்னு அர்த்தமா?"

"இல்ல..."

"அதான் அந்த ஊசி! மருந்தடிச்சு முடியிற வரைக்கும் கடைக்கு லீவு. புரியுதா, இல்ல அத்தையைக் கேட்டுட்டு வந்து சொல்றீங்களா?"

"என்னடி, என்னையே இழுக்கிறே?" என்றது ஹைகோர்ட்.

"வயிறு என்னுது அத்தை. நீங்க போய் டிவி பாருங்க."

ஊசி போட்டார்கள். கீமோவும் தொடங்கியது. முடி கொட்டியது. மாதவிலக்கு நிற்கும் வயதில் வரும் சூடு இப்போதே உடம்பெல்லாம் வந்து, நல்ல குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பாள். "ஊசி வேலையைக் காட்டுது பாரு" என்று ஹைகோர்ட் போர்வைக்குள்ளிருந்து முணுமுணுக்கும்.

வைத்தியம் முடிந்தது, ஊசியும் நின்றது. ஆனால் நின்ற மாதவிலக்கு திரும்பவில்லை. மாதங்கள் போயின. ஹைகோர்ட் தெருவெல்லாம் தன் தீர்ப்பை வாசித்தது. மகள் மாவைப் போட்டு அடித்தாள். அந்தக் கோபத்தில் பன் பஞ்சாய் வந்ததாக முதலாளி சொன்னார்.

ஒரு நாள் என் சலூனுக்குப் போன் வந்தது. ஒருவருக்குப் பாதி மீசை முடிந்திருந்தது.

"அப்பா, வந்துடுச்சுப்பா!"

"எதும்மா?"

"அதான்ப்பா... மாசாமாசம் வர்றது!"

மகளோடு அந்த வார்த்தையை வாழ்நாளில் பேசியவன் இல்லை நான். கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "வந்துடுச்சாம்! வந்துடுச்சாம்!" என்று குதித்தேன்.

"யாருங்க, மாப்பிள்ளையா?" என்றார் அரை மீசைக்காரர்.

"அவன் கிடக்கிறான்!"

அதற்குப் பிறகும் டாக்டரம்மா காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தாள். சோதனைக்கெல்லாம் அலைந்தாள். கடைசியில் என் தங்கம் வந்து சேர்ந்தது.

நேற்று வீடு நிறைய ஆட்கள். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு ஹைகோர்ட் அறிவித்தது: "நான் அன்னிக்கே சொன்னேன்ல, அந்த ஊசியைப் போட்டா எல்லாம் சரியாகும்னு!"

மாப்பிள்ளை விட்டத்தைப் பார்த்தார். எனக்கு நாக்கு துடித்தது. மகள் முந்திக்கொண்டாள்.

"ஆமா அத்தை, எல்லாம் உங்க புண்ணியம். அடுத்தது எதைச் செய்யக் கூடாதுன்னு சொல்லுங்க, இன்னிக்கே செஞ்சிடுறோம்."